மதுரை டெக்கன் கூட்டம்: செட்டப்பை யார் கொண்டு வர்றது?

வில்லாபுரத்தான் (இழையைத் தொடங்கியவர்)

போன ஞாயிற்றுக்கிழமை டெக்கன் (ரெண்டு பேர் எதிரெதிரா சண்டை போடுற வீடியோ கேம்) ஆட மாடி ஹாலுக்கு 22 பேர் வந்திருந்தீங்க. இத்தனை பேர் இதுவரைக்கும் வந்ததில்லை. ஆனா வீட்டுக்குப் போனதிலிருந்து எனக்கு மனசு கேக்கல.

ஹால்ல ஆடுறதுக்கு இருந்தது கன்சோலும் மானிட்டருமா ரெண்டே செட்டப், ரெண்டும் என்னோடது. மூணுல ரெண்டு ஜெயிக்கிற ஒரு செட்டுக்கு, உட்கார்ந்து பட்டன் செட் பண்றதையும் சேர்த்து பத்து நிமிஷம் ஆகுது. ரெண்டு செட்டப்லயும் சேர்த்து மணிக்குப் பன்னெண்டு செட். ஒரு செட்டுக்கு ரெண்டு பேர், 22 பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு மணிக்கு ஒண்ணு. நாலு மணி நேரம் இருந்தவங்க ஆடினது நாப்பது நிமிஷம். மிச்சம் மூணு மணி இருபது நிமிஷமும் பின்னாடி நின்னு வேடிக்கைதான். மேலூர்ல இருந்து ரெண்டு தம்பிங்க வந்திருந்தாங்க. ரெண்டு செட் ஆடினாங்க, தோத்தாங்க, நான் பேரைக் கேக்குறதுக்குள்ள பஸ்ஸுக்குக் கிளம்பிட்டாங்க. அவங்க திரும்ப வருவாங்களான்னு எனக்குத் தெரியல.

இன்னொரு விஷயம். அடுத்த மாசம் எங்க வீட்ல கல்யாணம், என்னால வர முடியாது. நான் வரலைன்னா கூட்டமே நடக்காதுங்கிறதுதான் இப்ப நிலைமை. எட்டு மாசமா நடத்துற ஒரு கூட்டம் ஒரே ஆளோட பைக் டேங்க் மேல உட்கார்ந்து வந்துக்கிட்டு இருக்கு.

பரிசுத் தொகையை ஏத்தினா கூட்டம் வளரும்னு சிலர் சொன்னீங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. பரிசு மூணு பேருக்குப் போகும். செட்டப் இருந்தா 22 பேரும் ஆடலாம். செட்டப்னு நான் சொல்றது: கன்சோல் அல்லது பிசி, லேக் (படம் தாமதமா வர்றது) இல்லாத மானிட்டர், எல்லா கேரக்டரும் திறந்திருக்கிற கேம், ஒயர் போட்ட ரெண்டு பேடு (கையில பிடிச்சு ஆடுற கன்ட்ரோலர்), கரண்ட். அஞ்சும் ஒருத்தர்கிட்ட இருக்கணும்னு இல்ல. உங்ககிட்ட மானிட்டர் மட்டும் இருந்தா அதைச் சொல்லுங்க, இன்னொருத்தர்கிட்ட பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4 கன்சோல்) இருக்கும், சேர்த்துக்கலாம். யார்கிட்ட என்ன இருக்குன்னு கீழ எழுதுங்க.

ஒத்தக்கடை யானைமலை

அண்ணே, நல்ல யோசனை. ஆனா மனசுல இருக்கிறதைச் சொல்லிடுறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வேற ஒரு இடத்துல போட்டி வச்சாங்க. என்னோட பிஎஸ்4, ரெண்டு பேடு எல்லாம் கொண்டு போய்க் குடுத்தேன். சாயங்காலம் திரும்பி வாங்குறப்ப ஒரு பேடுல இடது ஸ்டிக் இழுக்குது. கேரக்டர் தானா பின்னாடி நடக்குது. யார் கையில இருந்தப்ப ஆச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியல. நடத்துனவங்க "விளையாட்டுன்னா தேய்மானம் இருக்கத்தான் செய்யும்"னு முடிச்சுட்டாங்க. புதுசு வாங்க என் பாக்கெட்ல இருந்துதான் போச்சு. அதுல இருந்து ஒரு பொருளையும் வெளிய எடுக்கிறதில்ல.

இன்னொன்னும் இருக்கு. சின்ன வயசுல தெருவுல கிரிக்கெட் ஆடும்போது பேட்டு யாரோடதோ அவன்தான் ஓப்பனிங். அவுட் ஆனாலும் தர மாட்டான், கோவம் வந்தா பேட்டைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிருவான், அதோட ஆட்டம் முடிஞ்சுது. செட்டப் கொண்டு வர்றவங்க ஒரு பக்கம், கொண்டு வராதவங்க ஒரு பக்கம்னு நம்ம கூட்டமும் ஆயிரக் கூடாது. இந்த ரெண்டுக்கும் ஒரு வழி சொல்லுங்க, நான் பிஎஸ்4 கொண்டு வர்றேன்.

சிம்மக்கல் சர்வீஸ்

ஸ்டிக் இழுக்கிறதுக்கு யாரையும் குத்தம் சொல்ல முடியாது தம்பி. உள்ள ஸ்டிக் அசைவை அளக்கிற பொட்டென்ஷியோமீட்டர்ல கார்பன் தடம் தேய்ஞ்சு போகும், நம்ம ஊர்த் தூசி அதைச் சீக்கிரமாக்கும். காந்தத்துல வேலை செய்ற ஹால் எஃபெக்ட் ஸ்டிக்ல இந்தத் தேய்மானம் கிடையாது. கடைக்கு வாரத்துக்கு நாலு பேடாவது இந்தப் பிரச்சினையோட வருது. கூட்டத்துல பழுதாகிற பேடுக்கு ஸ்டிக் மாத்தணும்னா பார்ட்ஸ் காசு மட்டும் குடுங்க, கூலி வேண்டாம். இது என் பங்கு.

கொண்டு வர்றவங்க கவனிக்க வேண்டியதையும் சொல்லிடுறேன்.

வீட்டு ஹால் டிவியைக் கொண்டு வர்றேன்னு யாராவது நினைச்சா, முதல்ல அதுல கேம் மோடு (படத்தைத் தாமதிக்காம காட்டுற செட்டிங்) இருக்கான்னு பாருங்க. இந்த ஆட்டம் நொடிக்கு 60 ஃப்ரேம்ல, அதாவது 60 படமா ஓடுது, ஒரு ஃப்ரேம்னா 16.7 மில்லிசெகண்ட். டெக்கன்ல சாதாரண ஜாப், அதாவது வேகமான குத்து, 10 ஃப்ரேம்ல வரும். கேம் மோடு இல்லாத டிவி, படத்தை மெருகேத்துறதுக்கே 100 மில்லிசெகண்ட் எடுத்துக்கும். அது 6 ஃப்ரேம். எதிராளி கை நீட்டுறதை நீங்க பாக்குறதுக்குள்ள பாதி நேரம் போயிருச்சு. அப்படி ஒரு டிவியில தோத்தவன் தன்னோட ஆட்டத்தைத் திருத்திக்க வழியே இல்ல, எது தன் தப்பு, எது டிவியோட தப்புன்னு அவனுக்குப் பிரிக்கத் தெரியாது. சின்ன மானிட்டரே போதும், 24 இஞ்ச்.

அடுத்தது கரண்ட். ஹால் சுவத்துல இருக்கிறது 6 ஆம்ப் பிளக். 230 வோல்ட்டுக்கு 1380 வாட்ஸ்தான் அதோட எல்லை. பிஎஸ்5 ஓடும்போது 200 வாட்ஸை ஒட்டி இழுக்கும், மானிட்டருக்கு ஒரு 30 வைங்க. ஆறு செட்டப்பை ஒரே ஜங்ஷன் பாக்ஸ்ல மாட்டினா எல்லை முழுசா தொட்டுரும், மேல ஒரு ஃபேன் போட்டா ஒயர் சூடாகும். ஒரு லைனுக்கு மூணு செட்டப்புக்கு மேல வேண்டாம். மெலிசான ஒயர் இருக்கிற மலிவான பாக்ஸ் வாங்காதீங்க. மாதாந்திரப் பராமரிப்புக்கு அந்தப் பகுதியில எந்தத் தேதி கரண்ட் நிறுத்துறாங்கன்னு முதல் நாளே பாத்துட்டு ஹாலைப் பேசுங்க.

கேகே நகர் லில்லி ஆடுறவ

நானும் போன வாரம் வந்திருந்தேன். வந்ததுல பொண்ணு நான் ஒருத்திதான். என்கிட்ட 24 இஞ்ச் மானிட்டர் ஒண்ணு இருக்கு, தர்றேன்.

பேடு விஷயத்துல என்னோட கருத்து இது: பேடை ஆளுக்கு ஆள் கொண்டு வரட்டும். காரம்போர்டு ஆடப் போறவங்க தன் ஸ்ட்ரைக்கரைத் தானே கொண்டு போறாங்க? கன்சோலும் மானிட்டரும் பொது, பேடு சொந்தம். இப்படி வச்சா யானைமலை அண்ணன் சொன்ன சண்டை முக்கால்வாசி குறையும், ஏன்னா தேயுறது பெரும்பாலும் பேடுதான்.

ஆனா பேடே இல்லாம முதல் தடவையா வர்றவங்க இருப்பாங்க. அவங்களுக்குன்னு நாலு பேடு ஒதுக்கி வச்சுக்கணும், விருந்தாளி பேடுன்னு பேர் எழுதி. நான் முதல் தடவை வந்தப்ப வில்லாபுரம் அண்ணன் தன்னோட பேடைக் குடுத்துட்டு எழுந்து நின்னார். அன்னைக்கு அவர் அப்படிச் செய்யலைன்னா நான் பாத்துட்டுத் திரும்பியிருப்பேன். கடனாக் கேக்குறதுக்கு எல்லாருக்கும் வாய் வராது. மேசை மேல விருந்தாளிக்குன்னே ஒரு பேடு இருந்தா கேக்கவே வேண்டாம், எடுத்து ஆடலாம்.

பரோட்டா சாப்பிட்ட கையோட பேடைத் தொடாதீங்க. ஒரு டப்பா ஈரத் துணி நான் கொண்டு வர்றேன். அப்புறம், கூட்டம் ஆறு மணிக்குள்ள முடியணும். ஏழு, எட்டுன்னு இழுத்தா என்னால மட்டும் இல்ல, இனிமே வரப் போற பொண்ணுங்களாலயும் வர முடியாது.

திருநகர் பழைய கடைக்காரர்

நான் உங்க எல்லாரையும் விட வயதில் மூத்தவன். 2000களில் திருநகரில் பிளேஸ்டேஷன் கடை வைத்திருந்தேன். நான்கு டிவி, நான்கு மிஷின். அப்போது பேடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஜாய்ஸ்டிக் என்பார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் டெக்கன் 3 மிஷினுக்கு முன்னால் வரிசை நிற்கும். தோற்றவன் எழுந்திருக்க வேண்டும், ஜெயித்தவன் உட்கார்ந்திருப்பான், அடுத்த ஆளின் காசில் ஆட்டம் ஓடும். அந்த ஒரு மிஷினில் உட்கார்ந்தே இருந்த பையன்கள் மூன்று பேர், பிறகு தெருவில் யாரும் அவர்களை ஜெயிக்க முடியவில்லை. நன்றாக ஆடுகிறவனோடு நிறைய ஆடக் கிடைத்தால் ஆட்டம் வரும், வேறு ரகசியம் எதுவும் நான் பார்க்கவில்லை.

லாகூரைச் சேர்ந்த அர்ஸ்லான் ஆஷ் 2019 பிப்ரவரியில் ஜப்பான் ஈவோவிலும் (சண்டை ஆட்டங்களுக்கான பெரிய போட்டி), அதே ஆண்டு ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் ஈவோவிலும் டெக்கன் 7 ஜெயித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அவரும் அவர் ஊர் ஆட்டக்காரர்களும் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவரோடு ஒருவர் ஆடி வளர்ந்தவர்கள். ஊருக்குள் ஆள் இருந்தது, உட்கார இடம் இருந்தது.

ஈவோவே 1996-இல் கலிபோர்னியாவில் சன்னிவேல் என்ற ஊரில் நாற்பது பேரோடு தொடங்கியதுதான். அப்போது ஆர்கேட் மிஷின்கள், கடைகளில் நிற்கும் பீரோ அளவுப் பெட்டிகள். 2004-இல் கன்சோலுக்கு மாறினார்கள், பழைய ஆட்களிடம் எதிர்ப்பு இருந்தது. ஆனால் ஆர்கேட் மிஷினைத் தூக்கிக்கொண்டு வர முடியாது, கன்சோலைப் பையில் போட்டு வரலாம். 2001-இல் வந்த ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ ஆட்டத்தைப் பாருங்கள். லேக் கூடாது என்பதற்காக இன்றைக்கும் பழைய டியூப் டிவியில் ஆடுகிறார்கள். அந்த டிவிகளை ஆடுகிறவர்களே சுமந்து வருகிறார்கள். செட்டப் கொண்டு வருகிறவர்களுக்கு நுழைவுக் கட்டணத்தில் கழிவு கொடுப்பது அங்கே வழக்கம்.

எங்கள் சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். கல்யாணம் காதுகுத்துக்கு அண்டா, குண்டான், கரண்டி எல்லாம் ஊர்ப் பொதுவில் இருக்கும். ஒவ்வொன்றிலும் பேர் வெட்டியிருக்கும். எடுத்துப் போகும்போது நோட்டில் எழுத வேண்டும், திரும்ப வைக்கும்போது எண்ணி வைக்க வேண்டும். ஒரு கரண்டி குறைந்தால் எடுத்தவர் வாங்கி வைப்பார். அதனால் ஊரில் யாருக்கும் வருத்தம் வந்ததில்லை, ஏனென்றால் பேச்சு முன்னாலேயே முடிந்திருந்தது. யானைமலை தம்பிக்கு நடந்ததில் தப்பு பேடு பழுதானது அல்ல. எழுதி வாங்காததுதான் தப்பு.

ஒத்தக்கடை யானைமலை

ஐயா, நோட்டு விஷயம் ரொம்பச் சரி. அன்னைக்கு ஒரு வரி எழுதி வாங்கியிருந்தா நான் இத்தனை நாள் இந்த வருத்தத்தைச் சுமந்திருக்க வேண்டியதில்ல.

ஹாஸ்டல் ரூம் 7

எங்க ஹாஸ்டல்ல பிஜிஎம்ஐ (நெட்ல ஆடுற மொபைல் துப்பாக்கி ஆட்டம்) ஆடுறவங்க முப்பது பேருக்கு மேல இருக்கோம். 2022 ஜூலையில பிஜிஎம்ஐ-யை ஆப் ஸ்டோர்ல இருந்து எடுத்தப்ப அப்ப இருந்த சீனியர்ஸ் எல்லாம் ஒரே நாள்ல ஆட்டம் இல்லாம ஆயிட்டாங்களாம். 2023 மே மாசம்தான் திரும்ப வந்துச்சு. அதுல இருந்தே எங்க ரூம்ல ஒரு பேச்சு: நெட்டை நம்பாம, நேர்ல உட்கார்ந்து ஆடுற ஆட்டம் ஒண்ணாவது கத்துக்கணும்னு.

ஆனா எங்ககிட்ட கன்சோல் ஒண்ணுகூட இல்ல அண்ணே. லேப்டாப்தான் இருக்கு. டெக்கன் 8-க்குக் குறைஞ்சபட்சமே 1050 டிஐ கிராஃபிக்ஸ் கார்டும் 100 ஜிபி இடமும் கேக்குது. எங்க ஆறு லேப்டாப்ல ரெண்டு மட்டும் தாங்கும். அந்த ரெண்டையும் கொண்டு வரட்டுமா?

அப்புறம் ஒரு கேள்வி. ஆளுக்கு 50 ரூபா போட்டு, ஜெயிச்சவனுக்குக் குடுக்கிற மாதிரி பக்கத்துல தனியா ஆடிக்கலாமா?

வில்லாபுரத்தான்

தம்பி, ரெண்டாவது கேள்விக்கு முதல்ல பதில். வேண்டாம். பந்தயம் கட்டி ஆடுற இடம்னு ஒரு பேர் வந்துட்டா ஹால்காரர் கதவைச் சாத்திருவார், வீட்ல இருந்து பிள்ளைங்களை அனுப்ப மாட்டாங்க. 2025-ல வந்த மத்திய அரசுச் சட்டம் இ-ஸ்போர்ட்ஸைத் தனியா அங்கீகரிச்சிருக்கு, பணம் கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டங்களைத் தடை பண்ணியிருக்கு. அது ஆன்லைனுக்கான சட்டம், நம்மளது நேர்ல உட்கார்ந்து ஆடுறதுதான். ஆனா அந்தக் கோட்டை நாமளும் மதிக்கணும். ஹால் வாடகைக்கு ஆளுக்கு இவ்வளவுன்னு வாங்குறது வேற, ஆட்டத்து மேல காசு வைக்கிறது வேற.

லேப்டாப் ரெண்டையும் தாராளமா கொண்டு வாங்க. ஆனா அதுல நொடிக்கு 60 ஃப்ரேம் விழாம நிக்கணும். தரத்தை எல்லாம் கீழ இறக்கி வச்சு, முதல் நாளே ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்க. ஃப்ரேம் விழுந்தா ஆட்டமே மெதுவாகும், எதிர்ல இருக்கிறவரோட டைமிங்கும் கெட்டுப் போகும். சார்ஜர் இல்லாம பேட்டரில ஓட்டாதீங்க.

சிம்மக்கல் சர்வீஸ்

ஹாஸ்டல் தம்பிங்களுக்கு ஒரு வேலை இருக்கு. உங்கள்ல யாருக்காவது சால்டரிங் தெரியுமா? ராஸ்பெர்ரி பை பைக்கோன்னு ஒரு சின்ன போர்டு, சில நூறு ரூபாதான். அதுல ஜிபி2040-சிஇ-ங்கிற இலவச மென்பொருளை ஏத்தி, பன்னெண்டு பட்டனை ஒயர் பண்ணி ஒரு பிளைவுட் பெட்டியில மாட்டினா லெவர்லெஸ் கன்ட்ரோலர், அதாவது ஸ்டிக்குக்குப் பதிலா பட்டன்லயே ஆடுற கன்ட்ரோலர் ரெடி. ஸ்டிக்கே இல்லாததால இழுக்குற பேச்சும் இல்ல. பிசியில அப்படியே வேலை செய்யும். பிஎஸ்4-ல அங்கீகாரச் சாவி இல்லாம மாட்டினா 8 நிமிஷத்துல கட் ஆகிரும், பிஎஸ்5-க்குத் தனியா ஒரு கன்வர்ட்டர் வேணும். அதனால லேப்டாப் செட்டப்புக்கு இதை விருந்தாளி பேடா வைக்கலாம். ஞாயிறு மத்தியானம் கடைக்கு வாங்க, சொல்லித் தர்றேன்.

இன்னொரு விஷயம், எல்லாருக்கும். போன வாரம் நடுவுல ஒரு மேட்ச் நின்னுச்சே, காரணம் என்னன்னு கவனிச்சீங்களா? யாரோ முன்னாடி அந்தக் கன்சோல்ல ப்ளூடூத்ல சேர்த்த பேடு பைக்குள்ள கிடந்து, பட்டன் அமுங்கி முழிச்சுக்கிச்சு. வேற ஒருத்தர் மேட்ச் நடுவுல அப்படியே நின்னுருச்சு. ஆடி முடிச்சதும் பேடை அந்தக் கன்சோல்ல இருந்து கழட்டிட்டுப் போங்க. பேடோட பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், ஊக்கு முனையை விட்டு அஞ்சு நொடி அமுக்கினா பழைய சேர்க்கை அழிஞ்சிரும். கன்சோல் செட்டிங்ஸ்ல பேடு தொடர்பை யூஎஸ்பி கேபிள்னு மாத்தி வைங்க. அப்படின்னா ஆளுக்கு ஒரு கேபிள் வேணும், கணிசமான நீளத்துல.

தமுக்கம் கார்னர்

நான் வேற மாதிரி யோசிக்கிறேன். இந்தப் பாதி செட்டப், கால் செட்டப்னு ஒட்டுப் போடுறதை விட்டுட்டு, சீட்டு போடுற மாதிரி 25 பேர் மாசாமாசம் காசு போட்டு, கூட்டத்துக்குன்னே ஒரு பிஎஸ்5 வாங்கிடலாமே. ஐம்பதாயிரத்துக்கு மேல ஆகும்னாலும் பிரிச்சா ஆளுக்கு ரெண்டாயிரம் சொச்சம்தான். அது யாரோடதும் இல்ல, அதனால ஓப்பனிங் பிரச்சினையும் வராது.

வில்லாபுரத்தான்

அது யார் வீட்ல இருக்கும் அண்ணே? கேமை யார் அக்கவுண்ட்ல வாங்குறது? டிஜிட்டல்ல வாங்கினா அந்த அக்கவுண்ட்காரர் வேலைக்கு வெளியூர் போயிட்டா என்ன செய்றது? ரெண்டு பேர் விலகினா காசைத் திருப்பிக் கேப்பாங்களா? இதுக்கெல்லாம் பதில் இல்லாம வாங்கினா, பொருள் இருக்கும், கூட்டம் உடைஞ்சிரும். உடைஞ்ச கூட்டங்களை நான் பாத்திருக்கேன், பெரும்பாலும் காசுலதான் உடையுது.

என் யோசனை: விலை குறைஞ்ச பொருளைப் பொதுவுல வாங்குவோம், விலை கூடின பொருள் சொந்தக்காரரோடதாவே இருக்கட்டும். நல்ல ஜங்ஷன் பாக்ஸ் நாலு, எச்டிஎம்ஐ கேபிள், யூஎஸ்பி கேபிள், நாலு விருந்தாளி பேடு. இதுக்கு ஹால் காசுல மிஞ்சுறது போதும்.

தமுக்கம் கார்னர்

நான் இன்னும் ஒத்துக்கல. கடனா வாங்கின பொருள்லயே எத்தனை நாள் ஓட்டுறது? டிஜிட்டல் வேண்டாம்னா டிஸ்க்கா வாங்கலாம், எழுத்துல ஒப்பந்தம் போடலாம். ஆனா இப்பவே அடம் பிடிக்கல. ஆடி மாசம் வரைக்கும் உங்க முறையில நடத்துங்க. எத்தனை செட்டப் நிலையா வருதுன்னு பாத்துட்டு மறுபடி பேசுவோம்.

திருநகர் பழைய கடைக்காரர்

ஆடி என்றதும் நினைவு வந்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபங்கள் சும்மா கிடக்கும், வாடகையும் இறங்கும். பெரிய போட்டி ஒன்று வைப்பதென்றால் அப்போது பேசுங்கள். சித்திரைத் திருவிழா வாரத்தில் எதுவும் வைக்காதீர்கள். அழகர் ஆற்றில் இறங்கும் சமயத்தில் கோரிப்பாளையம் பக்கம் மானிட்டரோடு யாரும் கடக்க முடியாது.

நுழைவுக் கட்டணக் கழிவு பற்றிக் கேகே நகர் தங்கையின் கருத்து என்ன?

கேகே நகர் லில்லி ஆடுறவ

கழிவு குடுக்கலாம் ஐயா, ஆனா மேசையில முன்னுரிமை குடுக்கக் கூடாது. செட்டப் கொண்டு வந்தவர் ஹால் காசு கட்ட வேண்டாம். ஆனா தோத்தா எல்லாரையும் போல எழுந்து வரிசைக்குப் போகணும். எல்லா செட்டப்பையும் போட்டிக்கே விடவும் வேண்டாம். எத்தனை இருந்தாலும் ஒண்ணு சும்மா ஆடுறதுக்குன்னு ஒதுக்கணும், முதல் ரவுண்டுல தோத்தவங்களுக்கும் புதுசா வந்தவங்களுக்கும். முதல் நாளே பத்துக்குப் பத்து தோக்குறவங்களுக்குப் பக்கத்துல யாராவது உட்கார்ந்து, எந்த அடியை எப்படித் தடுக்கிறதுன்னு சொல்லித் தரணும். அந்த மேசையை நான் பாத்துக்குறேன்.

மேலூர் பஸ்

அண்ணே, போன வாரம் வந்துட்டுப் பேர் சொல்லாமப் போனது நாங்கதான். கோவிச்சுக்கிட்டுப் போகல. கடைசி ஆட்டம் முடிஞ்சு மாட்டுத்தாவணி போய்ச் சேர நேரம் ஆயிரும்னு கிளம்பினோம். திரும்ப வர்றதுக்குத்தான் காசு சேத்துக்கிட்டு இருக்கோம்.

எங்ககிட்ட கன்சோலும் இல்ல, மானிட்டரும் இல்ல. இருந்தாலும் பஸ்ல தூக்கிட்டு வர முடியாது. இங்க எல்லாரும் பொருள் எழுதுறதைப் பாத்துட்டு, என்ன எழுதுறதுன்னு தெரியாம ரெண்டு நாளா இருந்தேன். நாங்க காலையில வெள்ளனவே வந்துர்றோம். மேசை போடுறது, ஒயர் இழுக்கிறது, சாமானை மாடிக்கு ஏத்துறது, இறக்குறதெல்லாம் நாங்க ரெண்டு பேரும் பாத்துக்குறோம். அந்த நோட்டையும் குடுத்தா நானே எழுதுறேன், என் கையெழுத்து நல்லா இருக்கும். இது பங்கா ஆகுமான்னு சொல்லுங்க.

வில்லாபுரத்தான்

தம்பி, எனக்கு ரொம்ப சந்தோஷம். எட்டு மாசமா மானிட்டரை மாடிக்கு ஏத்துறது நான் ஒருத்தன்தான். நோட்டு உன்கிட்டதான். ஹால் காசு உங்க ரெண்டு பேருக்கும் கிடையாது.

இதுவரைக்கும் வந்த கணக்கு: யானைமலை பிஎஸ்4-ஓட கேகே நகர் மானிட்டர் சேர்ந்து ஒரு செட்டப். ஹாஸ்டல் லேப்டாப் ரெண்டு, ஓட்டிப் பாத்தது சரியா இருந்தா. என்னோட ரெண்டையும் என் கூடப்பிறந்த தம்பி மூலமா முதல் நாளே அனுப்பிடுறேன், நான் கல்யாண வீட்ல இருந்தாலும். மொத்தம் அஞ்சு. போட்டிக்கு நாலு, சும்மா ஆட ஒண்ணு. பிஎஸ்4-ல டெக்கன் 7, மத்ததுல 8, ஏன்னா 8 பிஎஸ்4-க்கு வரவே இல்ல. அதனால சும்மா ஆடுற மேசை பிஎஸ்4-ஆ இருக்கட்டும். ஒவ்வொரு பொருள் மேலயும் சொந்தக்காரர் பேரை நகச்சாயத்துல எழுதிடுங்க, ஸ்டிக்கர் உரிஞ்சு போகும். மானிட்டர் வாங்குன அட்டைப்பெட்டியும் தெர்மாகோலும் இருந்தா அதுலயே கட்டிக் கொண்டு வாங்க.

ஒத்தக்கடை யானைமலை

மேலூர் தம்பி, உங்க பஸ் ஒத்தக்கடை வழியாத்தானே வருது? எட்டரைக்கு ஸ்டாப்ல இறங்கிருங்க. நான் வண்டியில பிஎஸ்4 வச்சுக்கிட்டு வர்றேன், ஒருத்தர் பின்னாடி உட்கார்ந்து பெட்டியைப் பிடிச்சுக்கங்க. இன்னொருத்தருக்கு என் ஃபிரெண்டு வண்டி வரும்.

மேலூர் பஸ்

சரிண்ணே. எட்டேகாலுக்கே ஸ்டாப்ல நிப்போம். பெட்டியில கட்ட கயிறு நான் கொண்டு வரவா?